இரைக்கும் மூச்சு, துடிக்கும் நெஞ்சு

காலை ஆறு மணி. தில்லியின் லோதி பூங்கா, மும்பையின் மெரீன் டிரைவ், பெங்களூரின் கப்பன் பூங்கா, கொல்கத்தாவின் மைதானம். ஊர் எதுவானாலும் காட்சி ஒன்றுதான். மஃப்ளர் சுற்றிய ஓய்வுபெற்ற அதிகாரிகள், சேலைக்குக் கீழே கான்வாஸ் ஷூ அணிந்த பெண்கள், தொப்பையைக் குறைத்தே தீருவது என்று புத்தாண்டு சபதம் எடுத்த இளைஞர்கள் எல்லோரும் விறுவிறுவென்று நடக்கிறார்கள். பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் நெஞ்சு வேகமாக அடிக்கிறது, மூச்சு வாங்குகிறது.

ஒருவர் இதைக் கண்டு பயந்து மறுநாளிலிருந்து வீட்டிலேயே இருந்துவிடுகிறார். "இந்த வயசில் இதெல்லாம் ஒத்துக்கொள்ளாது" என்பது அவர் கண்டுபிடித்த காரணம். இன்னொருவருக்கு மூச்சோடு சேர்ந்து நெஞ்சும் இறுகுகிறது. 'வாயுத் தொல்லை' என்று ஒரு ஜெலுசிலை வாயில் போட்டுக்கொண்டு அவர் தொடர்ந்து நடக்கிறார். முதலாமவர் தேவையில்லாமல் பயந்தவர். இரண்டாமவர் பயப்பட வேண்டிய நேரத்தில் பயப்படாதவர். உடற்பயிற்சியின்போது இதயமும் நுரையீரலும் என்ன செய்கின்றன என்று தெரிந்திருந்தால் இரண்டு தவறுகளுமே நேராது.

ஐந்து லிட்டர் கணக்கு

கணக்கு மிகவும் எளிது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 70 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. பெருக்கினால் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர். உடலில் உள்ள மொத்த ரத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதாவது நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு ஒரு முறை ரத்தம் உடலைச் சுற்றி வந்துவிடுகிறது.

அவர் எழுந்து ஓடத் தொடங்கினால் தொடைத் தசைகளுக்கு ஓய்வில் தேவைப்பட்டதைப்போலப் பல மடங்கு ஆக்சிஜன் தேவைப்படும். இதயம் இரண்டு வழிகளில் ஈடுகொடுக்கிறது. துடிப்பின் எண்ணிக்கை கூடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளப்படும் ரத்தத்தின் அளவும் கூடுகிறது. பயிற்சி இல்லாத, ஆரோக்கியமான ஒருவரின் இதயம் உச்சகட்ட உழைப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் வரை இறைக்கும். தேர்ந்த மாரத்தான் வீரரிடம் இது 35 லிட்டரைத் தொடும்.

இறைக்கும் அளவோடு விநியோகமும் மாறுகிறது. ஓய்வில் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் தசைகளுக்குப் போகிறது. குடல், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவை பெரும்பங்கைப் பெறுகின்றன. கடும் உழைப்பில் நிலைமை தலைகீழ்: ஐந்தில் நான்கு பங்கு தசைகளுக்கு. குடலுக்குப் போகும் குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஓடினால் வயிற்றைப் பிசைவதற்கு இதுவும் ஒரு காரணம். தசைகளும் தங்களுக்கு வரும் ரத்தத்தை இன்னும் நன்றாகப் பிழிந்தெடுக்கின்றன. ஓய்வில் ரத்தம் சுமந்து வரும் ஆக்சிஜனில் கால்பங்கைத்தான் உடல் எடுத்துக்கொள்கிறது. உச்சகட்ட உழைப்பில் முக்கால்பங்குக்கு மேல் எடுத்துக்கொள்கிறது.

மூச்சுக்கும் இதே கணக்குத்தான். சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 16 முறை, ஒவ்வொரு தடவையும் சுமார் அரை லிட்டர் காற்று. மொத்தம் 6 முதல் 8 லிட்டர். வேகமாக நடந்தால் இது 25, 30 லிட்டராகிறது. முழு மூச்சாக ஓடினால் நிமிடத்துக்கு 40 மூச்சுக்கு மேல், ஒவ்வொன்றும் 2 லிட்டருக்கு மேல் என்று 100 லிட்டரைத் தாண்டிவிடும்.

பிரேக்கை விடும் மூளை

இதயத்தை யார் விரட்டுகிறார்கள்? உண்மையில் இதயத்துக்கு விரட்டல் தேவையில்லை. அடக்கித்தான் வைக்க வேண்டும். நரம்புத் தொடர்பு எதுவும் இல்லாவிட்டால் இதயம் தானாகவே நிமிடத்துக்கு 100 முறை அளவில் துடிக்கும். மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் என்ற நரம்பு, சைக்கிள் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி இருப்பதைப்போல, அதை 70-க்கு அடக்கி வைத்திருக்கிறது. எழுந்து நடக்கத் தொடங்கியவுடன் மூளை செய்யும் முதல் காரியம் இந்தப் பிரேக்கைத் தளர்த்துவதுதான். அதனால்தான் முதல் சில நொடிகளிலேயே துடிப்பு ஏறிவிடுகிறது. வேகம் கூடக் கூட, பரிவு நரம்புகளும் அட்ரினலினும் சேர்ந்து இதயத்தை முடுக்குகின்றன.

ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே வீரருக்கு நெஞ்சு படபடப்பது இதனால்தான். உழைப்பு வரப்போகிறது என்று மூளை முன்கூட்டியே ஏற்பாடு செய்கிறது. கோபன்ஹேகனைச் சேர்ந்த ஆகஸ்ட் க்ரோக், யோஹான்னஸ் லிண்ட்ஹார்ட் இருவரும் 1913-ல் இதைச் சோதனை மூலம் காட்டினார்கள். சைக்கிளை மிதிக்கத் தொடங்கிய மறுகணமே மூச்சும் துடிப்பும் ஏறின. தசையில் உண்டாகும் கழிவு ரத்தத்தில் கலந்து மூளைக்குச் செய்தி சொல்ல அவ்வளவு சீக்கிரம் முடியாது. ஆகவே தசைக்குக் கட்டளையிடும் மூளையே அதே சமயத்தில் இதயத்துக்கும் மூச்சுக்கும் ஒரு நகல் அனுப்புகிறது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். ரத்த நுண்குழாய்கள் பற்றிய ஆய்வுக்காக க்ரோக் 1920-ல் நோபல் பரிசு பெற்றார்.

இதில் பலருக்கும் வியப்பளிக்கும் விஷயம் ஒன்று உண்டு. மூச்சு வாங்குகிறது என்றால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்றே நினைக்கிறோம். கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் வீட்டில் இருந்தால் மாடிப்படி ஏறி இறங்கியபின் விரலில் மாட்டிப் பார்க்கலாம். ஆரோக்கியமான நுரையீரல் உள்ளவருக்கு முன்பு காட்டிய 97, 98 அளவிலேயேதான் பெரும்பாலும் நிற்கும். மிதமான உழைப்பில் ரத்தத்தின் ஆக்சிஜனும் கரியமில வாயுவும் ஏறக்குறைய மாறுவதே இல்லை. தேவைக்குச் சரியாக ஈடுகொடுத்து மூச்சு ஏறிவிடுகிறது. இத்தனை துல்லியம் எப்படிச் சாத்தியமாகிறது என்பதில் நூறாண்டுக்கு மேலாகியும் விஞ்ஞானிகளிடையே முழு உடன்பாடு இல்லை. மூளையின் கட்டளை, தசைகளிலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் போகும் நரம்புச் செய்தி, கழுத்துத் தமனி அருகே உள்ள வேதி உணர்விகள் எல்லாமே இதில் பங்கு வகிக்கின்றன.

வேகம் ஓர் எல்லையைத் தாண்டும்போதுதான் உண்மையில் இரைக்கத் தொடங்குகிறது. அந்த எல்லைக்கு மேல் தசையில் லாக்டேட் சேரும் வேகம் அது அகற்றப்படும் வேகத்தை மிஞ்சுகிறது. ரத்தத்தில் அமிலத்தன்மை கூடுகிறது. அமிலத்தைச் சமாளிக்கக் கரியமில வாயுவை அதிகமாக வெளியேற்ற வேண்டும். எனவே மூச்சு திடீரென்று தாவுகிறது. பேசிக்கொண்டே நடந்தவர் மௌனமாவது இந்தக் கட்டத்தில்தான்.

நுரையீரல் வளருமா?

தினமும் நடந்தால் நுரையீரல் பெரிதாகும் என்பது பொதுவான நம்பிக்கை. வளர்ந்த மனிதரின் நுரையீரலைப் பயிற்சி பெரிதாக மாற்றுவதில்லை. மாறுவது இதயமும் தசையும். சில மாதங்கள் ஒழுங்காகப் பயிற்சி செய்தவரின் இதயம் ஒரே துடிப்பில் அதிக ரத்தத்தைத் தள்ளக் கற்றுக்கொள்கிறது. உடலில் ரத்தத்தின் அளவும் கூடுகிறது. தசைகளில் நுண்குழாய்கள் பெருகுகின்றன. ஆக்சிஜனை எரித்துச் சக்தியாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுகின்றன. லாக்டேட் சேரத் தொடங்கும் எல்லை தள்ளிப்போகிறது. முன்பு இரைத்த அதே மாடிப்படியில் இப்போது இரைக்காததற்குக் காரணம் இதுதான்.

ஓய்வு நேரத் துடிப்பும் இறங்குகிறது. நிமிடத்துக்கு 70 என்றால் ஒரு நாளில் 1,00,800 துடிப்பு. 60-ஆகக் குறைந்தால் 86,400. தினமும் 14,400 துடிப்பு மிச்சம். நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் 40 என்ற அளவைப் பார்த்து அனுபவமில்லாத டாக்டர் மிரண்டுபோவது உண்டு. அவர்களுக்கு அது நோயல்ல. ஆனால் பயிற்சி எதுவும் செய்யாத ஒருவருக்குத் துடிப்பு 40-ஆக இருந்து, தலைசுற்றலும் இருந்தால் அது வேறு கதை.

உழைக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்த சோதனையே போதும். 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். அவர்களால் உச்சபட்சமாகப் பயன்படுத்த முடிந்த ஆக்சிஜனின் அளவு கால்பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 50 வயதான அதே ஐவரையும் மீண்டும் பரிசோதித்தார்கள். முப்பது ஆண்டு முதுமை செய்த சேதத்தைவிட அன்று மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம் என்று தெரிந்தது. ஆறுதலான செய்தி, ஆறு மாதப் படிப்படியான பயிற்சியில் அவர்கள் இழந்ததை மீட்டுக்கொண்டார்கள் என்பது. ஐந்தே பேர் என்றாலும் உடலியல் பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்ட சோதனை இது.

கண்டக்டரும் டிரைவரும்

உழைக்கும் இதயத்துக்கு ஆயுள் கூடுமா என்ற கேள்விக்கு முதல் விடை கிடைத்தது ஒரு பஸ்ஸில். லண்டன் மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்குவார். ஜெரமி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இந்த இரு சாராரையும் ஒப்பிட்டு 1953-ல் முடிவுகளை வெளியிட்டார். கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாகவே வந்தது. வந்தாலும் தாமதமாக வந்தது. திடீர் மரணமும் குறைவு.

உடனே எதிர்க்கேள்வி எழுந்தது. ஒருவேளை குண்டானவர்கள்தான் டிரைவர் வேலைக்கே போகிறார்களோ? மாரிஸ் சளைக்கவில்லை. பஸ் கம்பெனி சீருடை தைத்த அளவுகளை வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பளவு உண்மையிலேயே அதிகம் என்று 1956-ல் அவரே வெளியிட்டார். ஆனால் இடுப்பளவு ஒன்றாக இருந்தவர்களை ஒப்பிட்டபோதும் கண்டக்டர்களுக்கே சாதகமான நிலை. நடந்து கடிதம் கொடுக்கும் தபால்காரர்களையும் மேஜையில் அமர்ந்து வேலை செய்யும் குமாஸ்தாக்களையும் ஒப்பிட்டபோதும் இதே கதைதான். இன்று உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்று 2020-ல் வெளியிட்ட பரிந்துரைக்கு வித்து போட்டது அந்த மாடிப்படிதான்.

இந்தியாவில் நிலைமை எப்படி? தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் நடத்தப்பட்டு 2014-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, பாதிக்கு மேற்பட்டவர்கள், துல்லியமாக 54.4 சதவீதம் பேர், போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். பொழுதுபோக்காக விளையாடுபவர்களோ பயிற்சி செய்பவர்களோ பத்து சதவீதம்கூடத் தேறவில்லை. வயலும் கிணறும் செய்துவந்த வேலையை ஸ்கூட்டரும் மோட்டாரும் எடுத்துக்கொண்டன. அந்த இடத்தை நிரப்ப எதுவும் வரவில்லை.

220 என்ற மந்திரம்

எவ்வளவு வேகம் போதும்? உடற்பயிற்சிக் கூடங்களின் சுவரில் தொங்கும் அட்டவணையில் ஒரு சூத்திரம் இருக்கும்: 220-லிருந்து வயதைக் கழித்தால் கிடைப்பதே உச்சகட்டத் துடிப்பு. 52 வயது வங்கி அதிகாரிக்கு 168. அதில் 65 முதல் 75 சதவீதம், அதாவது சுமார் 110 முதல் 125 வரை இருந்தால் மிதமான உழைப்பு.

பயன்படுத்த எளிது. ஆனால் இது கல்லில் பொறித்த விதி அல்ல. 1971-ல் அமெரிக்க மருத்துவர்கள் ஏற்கெனவே வெளியாகியிருந்த சில முடிவுகளைத் தொகுத்து உத்தேசமாகச் சொன்னது பின்னால் சட்டமாகிவிட்டது. 2001-ல் வெளியான விரிவான ஆய்வு வேறொரு கணக்கைத் தந்தது: வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழிக்க வேண்டும். அதன்படி 70 வயதுக்காரரின் உச்சம் 159. பழைய சூத்திரப்படி 150. எந்தச் சூத்திரமானாலும் ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடும், குறையும். ஒரே வயதுடைய இருவரில் ஒருவரின் உச்சம் 150, மற்றவருடையது 185 என்றாலும் இருவரும் ஆரோக்கியமானவர்களாக இருக்கலாம். எனவே கையில் கட்டிய ஸ்மார்ட் வாட்ச் 'எல்லை தாண்டிவிட்டீர்கள்' என்று அலறினால் அதற்காக மட்டும் கலங்க வேண்டியதில்லை.

இந்தச் சூத்திரம் முற்றிலும் பயன்படாத ஒரு கூட்டமும் உண்டு. ரத்த அழுத்தத்துக்கோ இதய நோய்க்கோ அட்டனலால், மெட்டோப்ரலால் போன்ற 'பீட்டா பிளாக்கர்' மாத்திரை சாப்பிடுபவர்கள். அட்ரினலின் சொல்வதை இதயம் முழுவதும் கேட்காதபடி இந்த மருந்துகள் தடுக்கின்றன. எவ்வளவு நடந்தாலும் துடிப்பு அட்டவணை சொல்லும் அளவுக்கு ஏறாது. எண்ணை எட்டிப்பிடிக்க வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவது ஆபத்தில் முடியும். வெகுகாலமாக நீரிழிவு உள்ளவர்களுக்கும் இதயத்துக்குப் போகும் நரம்புகள் பழுதாகியிருந்தால் துடிப்பு கணக்குக்கு அடங்காது.

இவர்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்குமே உதவும் எளிய அளவுகோல் நாக்கு. நடந்துகொண்டே பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்பு. நாலு வார்த்தைக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தால் கடும் உழைப்பு. பாட்டே வருகிறது என்றால் இன்னும் கொஞ்சம் வேகமாக நடக்கலாம். லாக்டேட் எல்லையை ரத்தப் பரிசோதனை இல்லாமலே காட்டிக்கொடுக்கிறது இந்த முறை.

நாடி பார்க்க விரும்புபவர்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில் கட்டைவிரலுக்குக் கீழே வைத்து 15 நொடி எண்ணி நாலால் பெருக்கலாம். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது. அதற்கே ஒரு துடிப்பு உண்டு. காலையில் படுக்கையை விட்டு எழுமுன் பார்ப்பதுதான் ஓய்வு நேரத் துடிப்பு.

ஏறுவதைவிட இறங்குவது முக்கியம்

துடிப்பு எவ்வளவு ஏறியது என்பதைவிட, நின்றபின் எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பது அதிகம் சொல்லும். தளர்த்திய பிரேக்கை மூளை மீண்டும் பிடிக்கும் வேகம் அது. 1999-ல் அமெரிக்க மருத்துவ ஏடு ஒன்றில் வெளியான ஆய்வில் டிரெட்மில் பரிசோதனை செய்துகொண்ட 2,400-க்கும் மேற்பட்டோரைச் சுமார் ஆறு ஆண்டு கவனித்தார்கள். உச்சத்திலிருந்து முதல் நிமிடத்தில் 12 துடிப்புக்கு மேல் இறங்காதவர்களிடையே மரண அபாயம், வயது போன்ற மற்ற காரணங்களைக் கழித்த பிறகும், இரு மடங்காக இருந்தது. பயிற்சி செய்யச் செய்ய இறங்கும் வேகம் கூடுகிறது. அட்டவணை இல்லாமலே முன்னேற்றத்தை அளக்க இது நல்ல வழி.

ஓடிவிட்டுச் சட்டென்று நிற்கக் கூடாது என்று பி.டி. மாஸ்டர்கள் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது. ஓடும்போது கால் தசைகள் சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளுகின்றன. திடீரென்று நின்றால் இந்த உதவி நின்றுபோகிறது, விரிந்த குழாய்களில் ரத்தம் தேங்குகிறது, தலை சுற்றுகிறது. ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து முடிப்பது நல்லது. ஆரம்பத்திலும் அப்படியே.

பிராணாயாமம் செய்பவர்கள் கவனித்திருக்கலாம்: மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்றே ஏறும், விடும்போது இறங்கும். மூச்சை நிமிடத்துக்கு ஆறு அளவுக்கு நிதானமாக்கினால் இந்த ஏற்ற இறக்கம் தெளிவாகத் தெரியும்; வேகஸின் பிடியும் வலுப்படும். மனத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நல்லது. ஆனால் அது நடைக்கு மாற்று அல்ல. உட்கார்ந்தபடி மூச்சை மட்டும் பழக்கினால் தொடைத் தசை எதுவும் கற்றுக்கொள்வதில்லை.

வெயில், புகை, மலை

அதே ஆள், அதே வேகம், அதே தூரம். இருந்தும் மே மாத நாக்பூரில் துடிப்பு பத்து, இருபது அதிகமாக இருக்கும். உடலைக் குளிர்விக்க ரத்தத்தின் ஒரு பகுதி தோலுக்குப் போகிறது. வியர்வையில் நீர் குறைந்து ரத்தத்தின் அளவும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளுவது குறைவதால் துடிப்பைக் கூட்டி ஈடுசெய்கிறது இதயம். வெயில் காலத்தில் வேகத்தைக் குறைப்பது சோம்பேறித்தனம் அல்ல. சென்னை, மும்பை போன்ற புழுக்கமான ஊர்களில் வியர்வை உலராமல் வழிந்துவிடுவதால் குளிர்ச்சியும் கிடைப்பதில்லை.

தில்லிக்காரர்களின் கவலை வேறு. ஓய்வில் அரை மணி நேரத்தில் 180 லிட்டர் காற்றை இழுப்பவர், ஓடினால் அதே அரை மணியில் 1,800 லிட்டர் இழுக்கிறார். அதுவும் பாதிக்கு மேல் வாய் வழியாக. மூக்கின் வடிகட்டிக்கு வேலையே இல்லை. நுண்துகள் அளவு ஒரு கனமீட்டருக்கு 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்திய வரம்பு. குளிர்காலத்தில் தில்லியில் இது பல மடங்காகும் நாட்கள் உண்டு. குளிர்ந்த காற்று தரையோடு படிந்து கிடக்கும் அதிகாலையில் புகையும் கீழேயே தங்கிவிடுகிறது. வெயில் ஏறியபின்தான் கலைகிறது. அதிகாலை நடைதான் புனிதமானது என்று நம்பும் ஊரில், நவம்பர் முதல் ஜனவரி வரை பகலில் நடப்பதோ, வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்வதோ புத்திசாலித்தனம்.

லே நகருக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு மூன்றாவது பாடம். 3,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைப்போல மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் மூன்றில் ஒரு பங்கு குறைவு. விமானத்திலிருந்து இறங்கிய அன்றே ஓட்டல் படி ஏற மூச்சு வாங்குவது இயல்பு. முதல் இரண்டு நாள் ஓய்வெடுத்தால் உடல் பழகத் தொடங்கும். மாறாக, சும்மா படுத்திருக்கும்போதே மூச்சுத் திணறலும் இருமலும் வந்தால் அது நுரையீரலில் நீர் கோக்கும் நோயாக இருக்கலாம். 1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்து அவசரமாக உயரத்துக்கு அனுப்பப்பட்ட வீரர்களிடம் இந்திய ராணுவ மருத்துவர்கள் விரிவாகக் கண்டறிந்தது இதைத்தான். உடனே கீழே இறக்குவதே முதல் வைத்தியம்.

நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்குவதை உடலுக்கு உணர்த்தும் நரம்பு முனைகளைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர். தில்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிலையத்தின் தலைவராகவும் பின்னர் ஐ.சி.எம்.ஆர். தலைமை இயக்குநராகவும் இருந்த ஏ.எஸ். பெயின்டல். 'ஜே ரிசெப்டர்' என்று உலகப் பாடப்புத்தகங்களில் இடம்பெற்றுவிட்ட இவை, நுரையீரலின் நுண்குழாய்களையொட்டி அமைந்தவை. உழைப்பு மிஞ்சி, குழாய்களைச் சுற்றி நீர் கசியும்போது இவை தூண்டப்பட்டு மூச்சை வேகமாக்குகின்றன. கால் தசைகளைத் தளரச் செய்து 'போதும், நில்' என்று சொல்கின்றன என்பது அவருடைய விளக்கம்.

சோம்பல் அல்ல, சோகை

மூச்சிரைப்பைப் பற்றிப் பேசும்போது இந்தியாவில் மறக்கக் கூடாத ஒன்று ரத்தசோகை. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்குச் சோகை. ஹீமோகுளோபின் குறைவு என்றால் சரக்கு இருக்கிறது, போதிய லாரி இல்லை என்று பொருள். அதே ஆக்சிஜனைக் கொண்டுபோய்ச் சேர்க்க அதிக நடை அடிக்க வேண்டும். எனவே இரண்டாம் மாடி ஏறுவதற்குள் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. குடம் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. ஆக்ஸிமீட்டரும் 98 என்றே காட்டும். இருக்கும் லாரிகள் நிரம்பியுள்ளனவா என்றுதான் அது பார்க்கும்; எத்தனை லாரி என்று அதற்குத் தெரியாது.

வீட்டில் இதற்குக் கிடைக்கும் பெயர் 'சோம்பல்', 'ஸ்டாமினா இல்லை', அல்லது 'வயசாச்சு'. பல பெண்களே அப்படித்தான் நம்புகிறார்கள். நடக்கப் போங்கள் என்று அறிவுரை சொல்வதற்கு முன் ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை செய்வது நல்லது. இரும்புச்சத்து மாத்திரையில் பெரும்பாலும் சரியாகிவிடக்கூடிய ஒன்றுக்காக ஒரு பெண் ஆயுள் முழுவதும் படிக்கட்டைக் கண்டு பயந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

எப்போது பயப்பட வேண்டும்?

இயல்பான மூச்சிரைப்புக்குச் சில அடையாளங்கள் உண்டு. உழைப்புக்குத் தக்கபடி ஏறும். நின்றால் சில நிமிடங்களில் தணியும். வாரங்கள் செல்லச் செல்ல அதே தூரத்துக்குக் குறையும். இதற்கு மாறானவைதான் எச்சரிக்கை. நடந்தால் நெஞ்சில் பாரம் அல்லது இறுக்கம், இடது தோள், கை, தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம், ஒழுங்கு தப்பித் துடிக்கும் நாடி. நின்றால் போய்விடுகிறது என்பதற்காக நெஞ்சு இறுக்கத்தை அலட்சியம் செய்யக் கூடாது. நடந்தால் வந்து நின்றால் போவதுதான் அடைபட்ட இதயத் தமனியின் கையெழுத்து. இதயத்துக்கு வரும் ரத்தமே குறைவாக இருக்கும்போது, துடிப்பு ஏற ஏறத் தட்டுப்பாடு கூடுகிறது.

பெண்களுக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் வலியே இல்லாமலும் இருக்கலாம். போன மாதம் சுலபமாக நடந்த தூரத்துக்கு இந்த மாதம் மூச்சு வாங்குகிறது, காரணமில்லாமல் களைப்பாக இருக்கிறது என்பது மட்டுமே அறிகுறி. படுத்தால் மூச்சு முட்டி, தலையணையை உயர்த்திக்கொண்டு தூங்க வேண்டியிருந்தாலும், கால் வீங்கினாலும் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. நாற்பதைத் தாண்டியவர்கள், அதிலும் புகைப்பவர்கள், ரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ளவர்கள், குடும்பத்தில் இளம் வயது மாரடைப்பைப் பார்த்தவர்கள் கடும் பயிற்சியில் இறங்கும் முன் மருத்துவரிடம் காட்டிக்கொள்வது அவசியம். காய்ச்சல் நாளில் ஓடவே கூடாது.

பத்தாண்டு உட்கார்ந்திருந்துவிட்டு முதல் நாளே ஆறு கிலோமீட்டர் ஓடுவதுதான் ஆபத்து. பத்து நிமிட நடையில் தொடங்கி வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டே போனால் ஐந்தாவது வாரத்தில் தினமும் அரை மணி. வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் 150 நிமிடக் கணக்கு தீர்ந்தது. செலவு ஒரு ஜோடி ஷூ. முதல் வாரத்தில் மூச்சு வாங்கத்தான் செய்யும். அது உடல் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அடையாளம். ஐந்தாவது வாரத்திலும் குறையவே இல்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.